பக்கத்து வகுப்பு மீன் ஏலம்

பக்கத்து வகுப்பு டீச்சர் முதன்முதலாக அந்தத் தெர்மாகோல் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் வந்தபோது, மதியச் சாப்பாடு என்றுதான் நினைத்தேன். உள்ளே பழைய காலண்டர் அட்டையில் வெட்டிய மீன்கள். தேவையும் அளிப்பும் பாடம் நடத்த மீன்களாம்! நெல்லித்தோப்பில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு, பொருளாதாரத்துக்கு நாங்கள் இருவர், நடுவே ஒரு சுவர். என் மகள் என் பிரிவில் இருந்தாள். நான்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவளுக்கு இந்தப் பாடம் என்னால்தான் பிடிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

சுவருக்கு அந்தப் பக்கம் பாதிப் பிள்ளைகள் மீன்காரர்கள், பாதி வாங்குகிறவர்கள். விற்பவர் கைச்சீட்டில், இதற்குக் கீழே விற்காதே என்றிருக்கும். வாங்குபவர் சீட்டில், இதற்கு மேலே வாங்காதே. யாருக்கும் காட்டக்கூடாது. நடுவில் டீச்சர், "ஐஸ் கரையுது, ஐஸ் கரையுது!" என்று கூவுவார். விலை மளமளவென்று இறங்கும், சிரிப்பு வெடிக்கும். இங்கே நான் வரையறை சொல்லிக்கொண்டிருப்பேன். பிள்ளைகளின் பேனாக்கள் நின்றுவிடும், என் மகளுடையதும். எனக்கு வயிறு எரியும். "அக்கா, பெட்டி வேணும்னா எடுத்துக்கோங்க" என்பார் அவர். திட்ட வழியில்லாமல் நல்லவராகவும் இருந்து தொலைத்தார்.

ஒருநாள் வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் குழம்பிவிடக் கூடாதே என்று, பேரம் பேசிக் கடைசியில் வந்து நிற்க வேண்டிய சமநிலை விலை எவ்வளவு என்பதை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவிட்டேன். எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள், அதே விலையைச் சொன்னார்கள், மீனை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். ரேஷன் கடை வரிசை தோற்றது. "ஐஸ் கரையுது" என்று நானும் கூவிப் பார்த்தேன். யாரும் அசையவில்லை.

அப்போது என் மகள் எழுந்தாள். "என்னாம்மா இந்த வெல சொல்ற? நேத்து மீனாட்டம் இருக்கு, கொறச்சுக் குடு!" என்று மீன்காரியாக நின்ற முன்வரிசைப் பெண்ணிடம் தொண்டை கிழியக் கத்தினாள். வீட்டில் அதிர்ந்து பேசாதவள். எதிரே நின்றவள் பேசாமல் பலகையைக் காட்டினாள். எனக்காகத்தான் கத்துகிறாள் என்று வகுப்புக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றாள்.

இப்போதும் பக்கத்து வகுப்பில் ஏலம் நடக்கிறது. எனக்கும் இப்போதும் வயிறு எரிகிறது. மகள் கல்லூரியில் பொருளாதாரமே எடுத்துப் படிக்கிறாள். யாரால் அந்த ஆசை வந்தது என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டால், அன்று ஸ்கூட்டரில் சொன்னதுபோலவே, கொஞ்சமும் யோசிக்காமல் என்னைத்தான் சொல்வாள்.