மீன் சந்தைக்குக் கீழே கோட்டை

யுத்த காலத்தில் படவரைஞராக இருந்தவனுக்கு வரைவதற்கு இரண்டே பொருட்கள்தான் கிடைத்தன. ஒன்று, இடிந்த கட்டடம். மற்றது, மலகூடம். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய பிரதேச சபையில் எனக்கு அந்த வேலை. அகதி முகாம்களுக்கு நான் வரைந்த மலகூடங்களில் ஊரில் பாதிப்பேர் குந்தி எழும்பியிருப்பார்கள். என் புகழ் அவ்வளவில் நின்றது.

எனவே சமாதானப் பேச்சு தொடங்கி, எங்கள் பழைய சந்தையைத் திரும்பக் கட்ட வெளிநாட்டிலிருந்து உதவி வருகிறது என்று செயலாளர் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தையின் கூரை ஷெல்லடியில் போயிருந்தது. மிச்சச் சுவர்களைப் பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒருநாள் புல்டோசர் தள்ளிவிட்டது. யாருடைய பாதுகாப்புக்கு என்று யாரும் கேட்கவில்லை. வியாபாரிகள் பத்து வருடத்துக்கு மேலாக வீதியோரத் தகரக் கொட்டில்களில் வெந்துகொண்டிருந்தார்கள்.

இரவு பகலாக வரைந்தேன். நேர்கோட்டில் நீண்ட மண்டபம், நடுவில் உயர்ந்த கூரை, மீனுக்குத் தனிப் பகுதி, வெள்ளை ஓடு பதித்த மேசைகள். மலகூடம் ஒரு மூலையில் மட்டும்.

அத்திவாரம் வெட்டிய இரண்டாம் நாளே இயந்திரம் ‘டங்’ என்று நின்றது. சந்தை நின்ற மேட்டு மண்ணுக்குள் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய சுவர். ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய அகலம். என் மண்டபத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வாவிப் பக்கமாய்ப் போனது. இயந்திரத்தின் பல் ஒன்று உடைந்தது. சுவரில் கீறல்கூட இல்லை.

எங்களோடு கொத்துவேலை செய்த பறங்கி ஓடாவியார், ஒல்லாந்தர் வழிவந்தவர், குழிக்குள் இறங்கித் தடவிப் பார்த்தார்.

“கோட்டைச் சுவர் தம்பி. எங்கட ஆக்கள் கட்டினது. அதுதான் உடையுதில்ல.”

“நீங்க போன வருசம் கட்டின மதில் விழுந்திட்டே?”

“அது சபைட சீமெந்து” என்றார், கூச்சமில்லாமல்.

செயலாளர் ஓடிவந்தார். விஷயம் கொழும்புக்குத் தெரிந்தால் வேலை நின்றுவிடும், உதவி வேறு ஊருக்குப் போய்விடும். “மூடுங்க” என்றார். நீலப் பிளாஸ்டிக் படங்கு விரித்து, நாலு பக்கமும் மண்மூட்டை அடுக்கினோம். படங்கும் மண்மூட்டையும் அந்தக் காலத்தில் யாருடைய கண்ணில் படும் என்பதை செயலாளரும் நானும் யோசிக்கவில்லை.

மறுநாட்காலை ஆமி வந்தது. இளம் அதிகாரி ஒருவர் படங்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“இந்த பங்கர் யார் கட்டினது?”

“ஒல்லாந்தர், சேர்.”

“அது எந்த குரூப்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வருவதற்கு முதலே வியர்த்துவிட்டது. அத்தனை இயக்கங்களின் பெயர்களைக் கேட்டிருந்த மனிதர், இதையும் புதிதாக முளைத்த ஒன்றென்று நினைத்ததில் பிழையில்லை.

“வெள்ளைக்காரர், சேர். முந்நூறு வருசத்துக்கு முந்தி.”

“இப்ப எங்க?”

“போயிட்டாங்க, சேர்.”

அவர் சுவரைச் சப்பாத்தால் இரண்டு தரம் உதைத்துப் பார்த்தார். “நல்ல வேலை. எங்க பங்கர் மழைக்கு விழுறது” என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். அந்த அறிக்கை எங்கெங்கோ சுற்றிக் கொழும்பை அடைந்தது. புராதன கட்டடங்களைப் பார்க்கிற நிபுணர் ஒருவர் வந்து சேர்ந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, நல்ல தமிழ் பேசிய மனிதர். மேல் வரிசை ஒல்லாந்தர், அடியில் போர்த்துக்கேயர், அதற்கும் அடியில் இன்னும் பழையது இருக்கலாம் என்றார். கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வரும்வரை யாரும் கைவைக்கக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார்.

கடிதம் வரவில்லை. மாரி வந்தது. தகரக் கொட்டில்களுக்குள் முழங்கால் வெள்ளம். மீன்காரப் பெண்கள் சுற்றிப் பார்த்தார்கள். வெள்ளத்துக்கு மேலே உயர்ந்து நின்றது மேட்டில் இருந்த கோட்டைச் சுவர் ஒன்றுதான். கூடைகளோடு ஏறி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் நின்று நடத்தியவள் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பத்துப்பேர் முன்னால் என்னை ‘ஐயா’ என்பாள், தனியே கண்டால் ‘டேய்’.

நிபுணர் இரண்டாம் தரம் வந்தபோது, ஒல்லாந்தரின் மேல் அவள் கெளிறு மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மனிதருக்கு அழுகை வராத குறை.

“அம்மா, இது புராதனச் சின்னம். உப்பும் ரத்தமும் பட்டால் கல் அரித்துவிடும்.”

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “முருகைக்கல்லு எங்க இருந்து எடுத்த ஐயா?”

“கடலில் இருந்து.”

“அப்ப அது உப்புக்குப் பயப்படுமா?”

பிறகு வெள்ளத்தில் நிற்க முடியாமல் அவரும் சுவரில் ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. இறங்கி வந்தவர், சுவரைத் தொடாமல் வளைத்துக் கட்டலாம் என்று அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது கையில் இறால் பொதி ஒன்று இருந்தது.

என் நேர்கோட்டு மண்டபம் செத்தது. ஆத்திரத்தோடு புதிதாக வரைந்தேன். முழங்கை மடித்த மாதிரி வளைந்த கட்டடம். படத்தை அவளுக்குக் காட்டினேன், பாராட்டு எதிர்பார்த்துத்தான்.

“இந்த மேசை எவ்வளவு உயரம்?”

“இடுப்பளவு.”

“நாங்க நிண்டா மீன் விக்கிற? நாங்க என்ன ஆமிச் சென்றியிலயா நிக்கம்? டேய், குந்தி இருந்து வெட்டுறவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டியா நீ?”

கேட்கவில்லை. அகதி முகாமில்கூட யாரிடமும் கேட்டதில்லை. எத்தனை பேரை எத்தனை வருடம் சிரமப்படுத்தியிருக்கிறேனோ என்று முதல்முறையாக வெட்கம் வந்தது. அன்று பின்னேரமே அளவுநாடாவோடு போய், அவள் இருக்கும் உயரம், கை எட்டும் தூரம், கூடை வைக்கும் இடம் எல்லாம் அளந்தேன். மற்றப் பெண்கள் சிரித்துச் சிரித்து உருண்டார்கள். “அளந்திட்டு மறுகா சட்டையும் தைச்சுத் தருவியா?” என்று ஒருத்தி கேட்டாள்.

கட்டி முடிவதற்குள் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. சீமெந்துக்கு ஆமியிடம் அனுமதி எடுத்து எடுத்தே செயலாளரின் தலைமயிர் கொட்டியது. திறப்பு விழாவுக்கு அழைத்த பெரியவர்கள் பாதை பூட்டியதால் வரவில்லை. விழா இல்லாமலே காலையில் கதவைத் திறந்தோம்.

அரை மணித்தியாலத்துக்குள் உள்ளே பெரும் சத்தம். காற்றுப் படும் மூலை யாருக்கு என்று மீன்காரப் பெண்கள் இரண்டு பிரிவாக நின்று ஏசிக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்த கட்டடத்தில் ஒரு மூலைக்காவது சண்டை பிடிக்கிறார்களே என்று வாசலில் நின்று சந்தோசப்பட்டேன். “ஐயாவைக் கூப்பிடுங்க, அவர் தீர்ப்புச் சொல்லட்டும்” என்று ஒரு குரல் கேட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சபைக் கந்தோர்ப் பக்கம் ஓடிவிட்டேன்.