இரண்டு வாளி இன்ஸ்பெக்டர்

குப்பை உத்தியோகத்தில் இருப்பவனை யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை; வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பிவிடுவார்கள். நல்லது சொல்லப் போய்த் திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்குமே, கேளுங்கள்.

எழுபதுகளில் நான் சானிட்டரி இன்ஸ்பெக்டர். மயிலாப்பூர், தி. நகர் குப்பையெல்லாம் அடையாற்றங்கரையில் ஒரு மேட்டில் கொட்டப்படும். அடியில் காற்றுப் படாமல் அழுகுவதிலிருந்து வாயு கிளம்பும். கோடையில் அது பற்றிக்கொண்டால் நாள்கணக்கில் புகையும். சமையலறைக் கழிவைத் தனியாக வாங்கி, கிளறிக் கிளறி எருவாக்கினால் வாயு சேராது என்றார் எங்கள் இன்ஜினியர். அதை வீடு வீடாகச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மாமியின் சந்தேகம்

மயிலாப்பூரில் ஒரு மாமி, நான் பேசி முடிக்கும்வரை கதவைப் பாதி திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அழுகுவதற்கு ஒரு வாளி, அழுகாததற்கு ஒரு வாளி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"சாதம் பட்டது தனி, படாதது தனி. எச்சில், பத்து பாக்கறாப்போலதானே? நாங்க காலங்காலமா பண்ணிண்டிருக்கோம். உங்க ஆபீஸுக்கு இப்பதான் தெரிஞ்சுதாக்கும்."

அண்ணாச்சியின் கணக்கு

தி. நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சியிடம், எச்சில் இலையைத் தனியாகப் போடச் சொன்னேன். மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊரே அலைந்துகொண்டிருந்த சமயம். மேட்டில் கிளம்பும் வாயு அடுப்புப் போல எரியும் என்று பயமுறுத்தினேன். அவர் பயப்படவில்லை, உற்சாகமாகிவிட்டார்.

"அப்போ அங்கேருந்து நம்ம கடைக்கு ஒரு குழா போட்டுத் தாங்க சார். இலைய நான் தாரேன், வாயுவ நீங்க தாங்க. ஏவாரம்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்லா."

மேட்டோரக் குடிசை

பாதித் தெருக்கள்கூட இந்த இரண்டு வாளித் திட்டத்தில் சேரவில்லை. அதற்குள் சித்திரை வெயிலில் மேடு பற்றிக்கொண்டது. அதை ஒட்டியிருந்த முதல் குடிசை, மீன் விற்கும் முனியம்மாவுடையது. காற்று அந்தப் பக்கம் திரும்பியது. அவள் பாத்திரம் பண்டத்தை வெளியே வைத்துவிட்டு, கூரைமேல் ஈரச்சாக்கைப் பரப்பினாள். எங்கள் ஆட்கள் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். ஒரு பக்கக் கூரை கருகியது, குடிசை தப்பியது.

அந்தப் பயத்தில் ஆபீஸே விழித்துக்கொண்டது. மீதித் தெருக்களும் வழிக்கு வந்தன. அடுத்த கோடையில் மேட்டில் பெயருக்குத்தான் புகை. நான் பெருமையோடு போய், "பாத்தியாம்மா, உங்க குப்பையை ஒரு வழி பண்ணிட்டோம்" என்றேன். முனியம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாது, எங்க குப்பையா? எங்க வூட்ல மீந்தாத்தான நைனா கொட்றதுக்கு?"

இத்தனை வருஷ சர்வீஸில் குப்பையை இரண்டாகப் பிரிக்க ஊருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். அது தன்னுடையது என்று ஒருவரையாவது ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ரிடையராகிவிட்டேன்.