பன்றி விரட்டிய குரல்

காரவள்ளியில் பஸ் மலையேறத் தொடங்கியதும் அண்ணனின் புது ஆல்பத்தைப் போனில் போட்டேன். கத்திப் பாடும் அவனுடைய பங்க் ராக் குழுவைப் பெரிய இசைக் கம்பெனி எடுத்துக்கொண்டபின் வந்த முதல் ஆல்பம். அண்ணனின் குரலில் ஒரு கீறல்கூட இல்லை.

சிறுவயதில் பொழுது சாய்ந்ததும் அப்பா எங்களை மரவள்ளிக் காட்டுக்குக் கூட்டிப்போவார். பன்றி கிளறிய ஈரமண் மணக்கும். நசுங்கிய எண்ணெய் டின்னை அடித்தபடி தொண்டை கிழியக் கத்துவோம். அண்ணன் கத்தினால் எதிர்மலையும் கத்தும். அந்தக் கத்தலைத்தான் பிறகு அவன் மேடையேற்றினான்.

பக்கத்தில் இருந்த அப்பாவின் காதில் இயர்போனை மாட்டினேன். கடைசிப் பாட்டுவரை கேட்டார்.

"இதுக்குப் பன்னி ஓடாது கண்ணு."

வீடு சேர்ந்ததும் அண்ணன் போனில் கூப்பிட்டான். "அப்பா கேட்டாரா?"

"பஸ்சுலயே தூங்கிட்டாருங்கண்ணா" என்றேன்.