ஏ.சி.க்குக் கீழே நின்றவர்

நான் பாஸ் பாடுகிறவன். நாலு குரலில் ஒரு பாட்டு போகும்போது அடியில் ஒருவன் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பானே, அவன். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சபையில், மீசை அரும்பியதும் என்னைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே பாட்டை யாரும் கற்றுக்கொள்வதில்லை, அவரவர் பார்ட்டைத்தான் கற்றுக்கொள்வோம். சோல்ஃபா என்கிற ஸ்வரக் குறிப்பு எழுதிய தாளில் நம் வரி எதுவோ அதை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். ராகம் முன்வரிசைப் பெண்களுடையது. எத்தனையோ கிறிஸ்மஸ் பாட்டுகளை வருடா வருடம் பாடியிருக்கிறேன், ஒன்றையும் தனியாக ராகத்தோடு பாடத் தெரியாது. “உங்களத் தனியாப் பாடச் சொன்னா மாடு மெரண்டுரும்” என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அபுதாபியில், முசஃபாவில் ஒரு தொழிலாளர் கேம்பில் ஏ.சி. டெக்னீசியனாக இருந்தேன். அந்த வேலைக்குக் கையைவிடக் காதுதான் முக்கியம். ஓர் அறையைத் தாண்டிப் போகும்போதே, உள்ளே ஓடுகிற ஜன்னல் ஏ.சி.யில் காற்றாடி உரசுகிறதா, கம்ப்ரஸர் இழுக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இந்தக் கர்வத்தை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஸ்டோரில் ஒரு பிலிப்பினோ இருந்தார். ஓர் ஏ.சி.க்குக் கெப்பாசிட்டர் வாங்கப் போனபோது அவருடைய டேப்பில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியம் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு பாஸ்காரன் மட்டும் தனியாக ‘டும் டும்’ என்று தொடங்கினான். அவன் தரையைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஒவ்வொருவராக அதில் ஏறி நின்றார்கள். சபையில் எங்களை எவனும் காது கொடுத்துக் கேட்டதில்லை. இங்கே பாட்டே எங்கள் ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறது. கெப்பாசிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை நின்றேன். வேலைக்குக் கூப்பிட்டவர் அங்கே வெந்துகொண்டிருந்தார்.

அது அமெரிக்கப் பாட்டு, ஐம்பது வருடத்துக்கு முந்தையது என்று பிலிப்பினோ சொன்னார். அவருடைய அப்பா தங்கள் ஊரில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தில் சமையல் வேலை பார்த்தவராம். அங்கிருந்து வீட்டுக்கு வந்த பாட்டுகள். பாடியவர்கள் பெரும்பாலும் கறுப்பினப் பையன்கள். வாத்தியம் வாங்க வழியில்லாததால் வாயையே வாத்தியமாக வைத்துக்கொண்டவர்கள். தெருமுனையில் நின்று பாடுவார்கள். எதிரொலி வேண்டும் என்றால் மாடிப்படிக்கு அடியிலோ பள்ளிக்கூடக் கழிப்பறையிலோ போய் நின்றுகொள்வார்கள். ஒருவன் ராகம், ஒருவன் உச்சியில், ஒருவனோ இருவரோ நடுவில், அடியில் பாஸ். பல குழுக்கள் ஒரே ஒரு இசைத்தட்டோடு சரி. ஒரு கோடைக்காலம் முழுக்க ரேடியோவில் அவர்கள் பாட்டு ஓடும். அடுத்த வருடம் அதே ஆட்கள் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். யார் எந்தக் குரல் என்றுகூடச் சில தட்டுகளில் எழுதவில்லையாம். அப்போது அதைக் கேட்டு நான் சிரித்தேன்.

பிலிப்பினோ உச்சிக் குரலில் பாடுவார். நான் அடி. சாரம் கட்டும் வேலை பார்த்த சிவகங்கைக்காரர் ஒருவர், ஊரில் பஜனை பாடிப் பழகியவர், நடுவில் வந்து ஒட்டிக்கொண்டார். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை காலையில், அமெரிக்காக்காரர்கள் வழியிலேயே, நாங்களும் கேம்பின் குளியலறையைப் பிடித்துக்கொண்டோம். நீளமான டைல்ஸ் அறை. நன்றாக முழங்கும். வெளியே வாளியோடு நிற்கிறவர்கள் “யல்லா பாய், ஜல்தி” என்று கதவை உடைப்பார்கள். எல்லாம் இருந்தது, ராகம் பாட ஆள் இல்லை. மாப்பிள்ளை இல்லாத கல்யாணமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்த அண்ணாச்சி, தலையை நிமிர்த்தாமலே ராகத்தைப் பிடித்தார். என் அறையில் கீழ்க்கட்டில்காரர் அவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர், பைப் ஃபிட்டர், ஐம்பதைத் தொடப்போகிறவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? கரண்டியிலிருந்து இறங்கும் நல்லெண்ணெய் மாதிரி நூல் அறாமல் வந்தது. பிலிப்பினோ பாடுவதை நிறுத்திவிட்டார். சிவகங்கைக்காரர், “அண்ணே, இத்தன நாளா இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?” என்று கேட்டார். அண்ணாச்சி துணியைப் பிழிந்துகொண்டே, “சும்மாதான் கெடந்துச்சு” என்றார்.

வார்த்தைகளைச் சிமெண்ட் பைத் தாளில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டார். அர்த்தம் கேட்டால் பிலிப்பினோ எல்லாப் பாட்டுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்வார். போகாதே, இன்னும் கொஞ்ச நேரம் இரு. அவ்வளவுதான்.

சில மாதங்கள் போன பிறகு, அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

“தம்பி, இதைக் கேசட்டுல பிடிக்க முடியுமால?”

“பிடிக்கலாம் அண்ணாச்சி. எதுக்கு?”

“வீட்டுக்கு அனுப்பணும். நான் பாடுதேன்னு போன்ல சொன்னேன். அவ சிரிக்கா. கோயில்ல செபம் சொல்லும்போதே ஒங்க வாய் அசையாது, நீங்களாவது பாடுறதாவதுங்கா. கல்யாணமாகி இருவத்திமூணு வருசத்துல அவ என் பாட்டைக் கேட்டதே இல்லல. ஒரு தடவ அவ காதுல விழணும்.”

அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போலப் பேசி அன்றுதான் கேட்டேன்.

ஆகஸ்ட் மாதம், வெள்ளிக்கிழமை மத்தியானம். குளியலறையில் குழாய் சொட்டும், ஆட்கள் கத்துவார்கள். அதனால் எங்கள் அறையிலேயே பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். மற்றவர்கள் டவுனுக்குப் போயிருந்தார்கள். அன்று நாங்கள் பார்த்த பக்குவம் கொஞ்சமில்லை. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றினோம். மொபைல்களை அணைத்தோம். கட்டில் கிரீச்சிடும் என்று யாரும் உட்காரவில்லை. சிவகங்கைக்காரர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்தார். பிலிப்பினோ தன் டேப்பை ஒரு ஸ்டூலில் வைத்தார். அந்தக் காலத்துக் குழுக்கள் எல்லாம் ஒரே மைக்கைச் சுற்றி நின்றுதான் பாடின, அதற்கு முறை உண்டு என்றார். மெல்லிய குரல்காரன் மைக்குக்குப் பக்கத்தில், பெரிய குரல்காரன் தள்ளி. என் குரல் எடுபடாது என்று என்னை டேப்புக்கு அருகில் நிறுத்தினார். அண்ணாச்சியைச் சுவரோரம், ஜன்னலுக்குக் கீழே.

ஜன்னலில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

அது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. இதை ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், வளைகுடாவில் இருந்தவர்கள் நம்புவார்கள். அங்கே ஏ.சி. என்பது சத்தம் அல்ல. அது நின்றால்தான் சத்தம், உடனே எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். வருடக்கணக்காக அதன் இரைச்சலுக்குள்ளேயே தின்று தூங்கி எழுந்தவர்களுக்கு அதுதான் அமைதி. பாடி முடித்ததும் கேசட்டைப் பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டோம். அதே அறையில், அதே ஏ.சி.க்கு அடியில். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. எங்கள் பாட்டு எங்களுக்கு மனப்பாடம், கேட்காத இடத்தையும் மனசு போட்டு நிரப்பிக்கொண்டது. அண்ணாச்சி மட்டும் கேட்டார்.

“என் சத்தம் கொஞ்சம் கம்மியோ?”

“இது சின்ன டேப் அண்ணாச்சி. வீட்டுல பெரிய செட்டுல போட்டா கணீர்னு கேக்கும்” என்றேன்.

கம்ப்ரஸர் இழுப்பதைப் பத்தடி தூரத்திலேயே சொல்கிறவன் நான். ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

லீவுக்குப் போன அவருடைய ஊர்க்காரர் ஒருவரிடம் கேசட் போயிற்று. இரண்டு வாரம் கழித்து அண்ணாச்சி போன் பேசிவிட்டு வந்தார். முகமெல்லாம் பல். “கேட்டுட்டா தம்பி. என் சத்தம் கேட்டுச்சான்னு கேட்டேன். கேக்காம என்ன, அழுதுட்டேங்கா” என்றார். அன்று அறையில் எல்லோருக்கும் அவரே மீன் குழம்பு வைத்தார். அந்த வாரம் முழுவதும் சைட்டில் குழாய்க்குள் பாடிக்கொண்டிருந்ததாக அவருடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள், டியூட்டி முடிந்து கேம்புக்கு வந்த பஸ்ஸில் இருந்து எல்லோரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி இருந்தார். தூங்குகிறார் என்று டிரைவர் தோளைத் தட்டியிருக்கிறார். மாரடைப்பு என்றார்கள். காகிதங்கள் முடிந்து உடல் ஊருக்குப் போக நாளாயிற்று. கூடப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை. கீழ்க்கட்டிலில் அவர் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு நான் அழுதேன். பிலிப்பினோ அதற்குப் பிறகு அந்தக் கேசட்டுகளைப் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த கோடையில் லீவு கிடைத்ததும், ஊருக்கு வந்த மூன்றாம் நாள் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். ஒரு பையில் சோப்பும் தைலமும் பேரீச்சம்பழமும். அண்ணாச்சியின் மனைவி, மைனி, என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அவர்களை அதற்கு முன் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். கொண்டுபோன பையை நீட்டினேன். காப்பி கொடுத்தார்கள். பிறகு அலமாரியிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய அந்தக் கேசட்டை எடுத்தார்கள்.

“தெனமும் சாயந்தரம் செபத்துக்கு முன்னால போடுவேன் தம்பி. நீங்களும் கேளுங்க.”

செட்டில் போட்டார்கள். ஊர் வீடு, மின்விசிறிகூட ஓடவில்லை. முதலில் ‘ஓ’ என்று ஓர் இரைச்சல், ஆலையில் மாவு அரைக்கிற மாதிரி. அது நிற்கவே இல்லை. அந்த ஏ.சி.யின் காற்றாடி எங்கே உரசியது என்பதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கு முன்னால், டேப்பை ஒட்டி, தெள்ளத் தெளிவாக ஒரு குரல் ‘டும் டும்’ என்று போய்க்கொண்டிருந்தது. பிலிப்பினோவின் கீச்சு இரண்டு இடத்தில் எட்டிப்பார்த்தது. அண்ணாச்சி இல்லை. காதைத் தீட்டித் தீட்டிக் கேட்டேன். எங்கேயும் இல்லை. அவர் நின்ற இடத்தில் ஏ.சி. இருந்தது.

மைனி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த ‘டும் டும்’முக்குத் தலை மெல்ல ஆடியது.

“எவ்வளவு கனமான கொரலு பாத்தீங்களா?” என்றார்கள். “பேசும்போது இப்படி இருக்காது. பாடுறப்ப அவுக வேற ஆளா இருக்காக. மொதல்ல எனக்கே மட்டுப்படல. பெறவு கேக்கக் கேக்க, ஆமா, அவுகதான்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

அது என் குரல். நாலு வார்த்தையில் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அந்த வீட்டில் அவர் பாடியது ஒன்றுமே மிஞ்சாது. சொல்லாவிட்டால், செத்தவருக்கு இருந்த ஒன்றையும் நான் எடுத்துக்கொண்டவன் ஆவேன். இரண்டுமே பாவமாகத்தான் பட்டது.

“நீங்க எங்க நின்னு பாடுனீங்க தம்பி? ஒங்க சத்தம் எது?”

“நான் பின்னால, ஏ.சி.க்குக் கீழ நின்னேன் மைனி” என்றேன். “அந்த எரைச்சல்ல என் சத்தம் கேக்கல.”

“அய்யோ பாவமே. அப்ப நீங்க என்னதான் பாடுனீங்க? எனக்காக ஒரு தடவ பாடிக் காட்டுங்களேன்.”

வாழ்நாளில் நான் ராகம் பாடியதில்லை. ஆனாலும் பாடினேன். அண்ணாச்சி பாடியதை, சிமெண்ட் பைத் தாளில் இருந்த வார்த்தைகளை, அவர் எங்கே மூச்சு எடுப்பாரோ அங்கே மூச்சு எடுத்து, நினைவில் இருந்தவரை பாடினேன். மேலே போகிற இடத்தில் தொண்டை கிழிந்தது. நூல் பத்து இடத்தில் அறுந்தது. முடிக்கும்போது எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மைனிக்கும்தான். இருபத்திமூன்று வருடத்தில் ஒரு தடவையாவது அவர்கள் காதில் விழவேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட பாட்டு, அந்த லட்சணத்தில் ஒருவழியாக விழுந்தது.

மைனி கேசட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார்கள். என் மனம் நோகக்கூடாதே என்று கொஞ்சம் தயங்கினார்கள்.

“நல்லாத்தான் பாடுறீங்க தம்பி” என்றார்கள். “ஆனா அவுக கொரலு மாதிரி வராது.”