நுளம்பு மருந்து பூசிய கை

போன வருடம் கார்த்திகை மாதம், மெல்பேர்னில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை. வெரிபீயில் எங்கள் புதிய குடியிருப்புக்குக் கொஞ்சம் தள்ளியிருக்கிற சதுப்புக் குளத்துக்கு மகளின் வகுப்பைக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகளே வலை போட்டு, தண்ணீருக்குள் இருக்கிற சின்ன உயிர்களைப் பிடித்து, எண்ணி எழுதி, திரும்ப விட வேண்டும். எந்தப் பூச்சி இருக்கிறது, எது இல்லை என்பதை வைத்துக் குளம் சுகமாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாமாம். உதவிக்கு இரண்டு பெற்றோர் வேண்டும் என்றார்கள். நான் பெயர் கொடுத்தேன். ஆசையில் இல்லை, பயத்தில். ஒன்பது வயதுப் பிள்ளையை நான் இல்லாமல் தண்ணீர்க் கரைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். நுளம்பு என்றால் இன்னும் அதிகம். வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் மலேரியா வந்து, தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தவன். எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றுபோனது. இந்த நாட்டில் மலேரியா இல்லை என்று மனைவி நூறு தரம் சொல்லியிருக்கிறாள். கேட்டால்தானே!

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்திருந்தது. ஆங்கிலக் கடிதத்தில் நான் பார்ப்பது திகதி, நேரம், கையெழுத்து வைக்கிற கோடு, இவ்வளவும்தான். மிச்சத்தை மகளிடம் கேட்க வெட்கம். கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

குளத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையிலிருந்து நுளம்பு மருந்துப் போத்தலை எடுத்தேன். கெட்டியான எண்ணெய்ச் சாமான். உள்ளங்கையில் ஊற்றி என் கை, கழுத்தெல்லாம் தேய்த்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன்.

“அப்பா, மிஸ் நோ எண்டு சொன்னவா.”

“மிஸ்ஸை நுளம்பு கடிக்காது, உன்னைத்தான் கடிக்கும். வா இங்க.”

கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் பூசவிட்டாள். கையை நீட்டச் சொன்னபோது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். உதவிக்கு வந்திருந்த மற்றவர் ஒரு யாழ்ப்பாணத்துத் தாய். அவர் பார்த்துச் சிரித்தார்.

“என்ன அண்ணை, பாமசிக் கடையையே தூக்கிக்கொண்டு வந்திட்டியளோ?”

சொல்லிக்கொடுக்க வந்த பெண் முழங்கால்வரை றப்பர் சப்பாத்தும் பெரிய தொப்பியுமாக இருந்தாள். விறுவிறு என்று ஆங்கிலத்தில் பேசினாள். தன் கைகளை விரித்துக் காட்டினாள், கரையில் இருந்த வாளியையும் சவர்க்காரத்தையும் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். “யெஸ், யெஸ்” என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து விளங்காத எதற்கும் என் பதில் அதுதான்.

எங்கள் குழுவில் ஐந்து பிள்ளைகள், ஒரு வெள்ளைத் தட்டு, அதில் குளத்துத் தண்ணீர். மூக்கில் வெள்ளை வெளேரென்று வெயில் கிறீம் அப்பிய ஒரு சிறுமிதான் எழுதுகிறவள். வந்ததிலிருந்து ஓடாதே, கத்தாதே என்று இரண்டு தரம் பேச்சு வாங்கியிருந்தாள். அரை மணித்தியாலத்தில் தட்டுக்குள் ஐந்து தலைப்பிரட்டைகளும், ஊசிபோல நீந்துகிற பூச்சிகளும், தும்பியின் குஞ்சு என்று அவர்கள் சொன்ன ஒன்றும் வந்துவிட்டன. நானும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், பயத்தைக்கூட மறந்துவிட்டேன்.

ஆறாவது தலைப்பிரட்டை வலை நூலில் சிக்கியிருந்தது. பிள்ளைகளால் எடுக்க முடியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விரலால் மெல்ல விடுவித்துத் தட்டில் விட்டேன். விரலில் ஒட்டிய பாசியையும் அதே தண்ணீரில் அலசினேன்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீரின் மேல் ஒரு மினுக்கம். ரசத்தில் எண்ணெய் மிதப்பதுபோல. முதலில் சின்னப் பூச்சிகள் நின்றன. பிறகு ஒரு தலைப்பிரட்டை வெள்ளை வயிறு தெரியப் புரண்டது. பிள்ளைகள் கத்த, அந்தப் பெண் ஓடி வந்தாள். தட்டைச் சரித்துப் பார்த்து, யாருடைய கையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அது எனக்கு நன்றாக விளங்கியது.

பிறகு ஒரு பிள்ளை, அந்தச் சிறுமியின் கிறீம் அப்பிய மூக்கைக் காட்டியது. எல்லாக் கண்ணும் அவள் பக்கம் திரும்பின. கழுவினேன், கழுவினேன் என்று அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பின்னால் வந்து நின்ற வகுப்பு ரீச்சரின் முகத்தில் ‘இவள்தானே’ என்ற பார்வை வந்துவிட்டது. சிறுமியின் உதடு நடுங்கத் தொடங்கியது.

அது என் கையில் இருந்த மருந்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தவளையைக் கொன்றால் இங்கே என்ன செய்வார்கள்? குற்றம் எழுதுவார்களா? பிள்ளைகளோடு நிற்பதற்கு அரசாங்கத்திடம் எடுத்த அனுமதி அட்டையைப் பறிப்பார்களா? மகளைப் பள்ளிக்கூடத்தில் எப்படிப் பார்ப்பார்கள்? அந்தத் தாய் பக்கத்துக் குழுவிலிருந்து மெல்ல நகர்ந்து வந்தார்.

“அண்ணை, பேசாம நில்லுங்கோ. பூச்சிதானே. பிள்ளையளைப் பெரிசா ஒண்டும் செய்யமாட்டினம்.”

அப்போதுதான் மகளைப் பார்த்தேன். அவள் என் காற்சட்டைப் பையைப் பார்த்தாள். போத்தல் துருத்திக்கொண்டு நின்றது. சட்டென்று கண்ணை எடுத்துத் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு சொல் சொன்னால் போதும், தோழி தப்பிவிடுவாள். சொல்லவில்லை. அப்பனைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

போத்தலை வெளியே எடுத்து நீட்டினேன். “நொட் ஹெர். மீ. மை ஹாண்ட்.”

அந்தப் பெண் திட்டவில்லை, என் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் எடுக்கவில்லை. குளத்திலிருந்து புதுத் தண்ணீர் எடுத்து வரச் சொல்லிவிட்டு, எனக்குச் சவர்க்காரத்தைக் காட்டினாள். முழங்கைவரை மூன்று தரம் கழுவினேன். திரும்பி வந்ததும் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு கரண்டியைத் தந்தாள். என்னிடம்! ஒவ்வொன்றாக அள்ளிப் புதுத் தண்ணீரில் விட்டேன்.

பிறகு காத்திருந்தோம். ஒரு வால் அசைந்தது. இன்னொன்று. ஐந்து நீந்தின. வயிறு தெரியப் புரண்டது மட்டும் அப்படியே கிடந்தது. தும்பிக் குஞ்சும் அசையவில்லை. வலையிலேயே அதற்கு அடிபட்டிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று அந்தப் பெண் எனக்காக மெதுவாகச் சொன்னாள். எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை.

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும் என்று அவள் சொல்ல, அந்தச் சிறுமி கண்ணைத் துடைத்துவிட்டுத் தாளில் எழுதினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ‘சொறி’ என்று மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள் என்றாள். ரீச்சர் வந்து அவள் தலையைத் தடவி, தானும் சொறி சொன்னார்.

பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரும்போது காரில் மகள் கேட்டாள்.

“ஏனப்பா அந்த மிஸ்ஸுக்கு யெஸ் சொன்னீங்கள்?”

“விளங்கேல்லையம்மா.”

“அப்ப விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோவன். தட்ஸ் ஓல்.”

இப்போது பள்ளிக் கடிதம் வந்தால் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்து நானும் மகளும் வரி வரியாக வாசிக்கிறோம். நான் தடக்கினால் அவள் சிரிப்பாள், சிரிக்கட்டும். இந்த வருடமும் அதே குளத்துக்கு உதவிக்குப் போனேன். அதே பெண், கையில் ஏதாவது பூசியிருக்கிறீர்களா என்ற அதே கேள்வியைக் கேட்டபோது, திரும்பச் சொல்லுங்கள் என்று இரண்டு தரம் கேட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் கிட்டப் போனேன். நுளம்புக்கு இன்றும் பயம்தான். ஆனால் விளங்காத ஒன்றுக்கு ‘யெஸ்’ என்று வாய் எடுக்கும்போதெல்லாம், அந்த வெள்ளைத் தட்டில் அசையாமல் கிடந்ததும் ஒரு பிள்ளை விரித்துக் காட்டிய சுத்தமான இரண்டு கைகளும் முன்னால் வந்து நின்று என் நாக்கைப் பிடித்துவிடுகின்றன.