மஞ்சுளா அக்கா தியானம் செய்த அழகு

நொந்துபோய் எழுதுகிறேன்.

தந்திர தியான ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். யாருக்காவது வகுப்பு எடுத்து அறிக்கை அனுப்ப வேண்டும்.

இன்று கரிக்கலாம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்காவை அவர்கள் மாடியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தவர் பத்தாவது நிமிடத்தில் லேசாக ஆடினார்.

துணி எடுக்க வந்த அவர் மாமியார் அதைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கற்பூரத்தோடு வந்தார். "தாயே, எம் பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?"

"இது தியானம்மா, சாமி வரல" என்றேன்.

"நீ சும்மா இருடி. ஆத்தா பேசட்டும்."

அக்கா கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "தையில முடியும். மொதல்ல மருமவள திட்டுறத நிறுத்து."

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு மருமகள்கள் வகுப்பில் சேரக் கேட்டுவிட்டார்கள்.

அறிக்கையில் 'வகுப்பின் பலன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்.