கரியக்காவும் சிவப்புத் தண்ணீரும்

சாயப்பட்டறையில் அவளைக் கரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழிவுநீர்க் கொட்டகையில் கரித்தூளோடு மாரடித்து மாரடித்து, எவ்வளவு தேய்த்தாலும் கை வெளுக்காது. அவள் கணவன் அதே பட்டறையின் சாய மாஸ்டர். அவன் கலக்கும் நிறத்தையெல்லாம் தண்ணீரிலிருந்து எடுப்பது அவள் வேலை. வீட்டுச் சண்டை பாதி இதிலேதான் தொடங்கும்.

கரி சாயத்தை நன்றாகத்தான் உறிஞ்சும். ஆனால் வயிறு நிரம்பிவிட்டால் அப்புறம் ஒரு சொட்டு ஏற்காது. அப்படித் தீர்ந்த கரி மூட்டை மூட்டையாகக் கொட்டகைக்குப் பின்னால் குவிந்தது. ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் வெள்ளைப் பொடி ஒன்றையும் தொட்டியில் போட்டுப் பார்த்தார்கள். அடர்சிவப்புத் தண்ணீருக்குள் வெளிச்சமே இறங்கவில்லை.

புதிதாக வந்த கெமிஸ்ட் பெண்தான் வழி சொன்னாள். "ரெண்டையும் சேர்த்திடலாங்க்கா. பொடிய கரி மேலயே ஒட்டவெப்போம். கரி சாயத்தப் பிடிச்சு வெச்சுக்கும், வெயில் பட்டா பொடி அத உடைச்சுடும். கரிக்கு மறுபடியும் பசிக்கும்."

முதல் தடவை பொடி முழுக்கக் கழன்று, தண்ணீர் வெள்ளைவெளேரென்று ஆனது. எட்டிப் பார்த்த மாஸ்டர், "பால் வியாபாரம் எப்ப ஆரம்பிச்ச?" என்றான். கரியக்காவுக்குச் சுருக்கென்றது.

மறுமுறை கரியக்காவும் கெமிஸ்ட் பெண்ணும் பொடி பூசிய கரியைக் காற்றுப் புகாமல் மூடிச் சூளையில் சுட்டு, அலசி, ஆழமில்லாத தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பினார்கள். வீம்புக்கென்றே மாஸ்டர் தன் சாயங்களிலேயே லேசில் போகாத சிவப்புக் கழிவை அனுப்பினான். தட்டுகளின் மேல் அதை மெதுவாக ஓடவிட்டு, வெயில் இருக்கும்வரை திரும்பத் திரும்பச் சுற்றவிட்டார்கள். மதியம் இளஞ்சிவப்பு. பொழுது சாயும்போது அதுவும் இல்லை.

"குழாய்த் தண்ணியக் காட்டி ஏமாத்தாத" என்றான் மாஸ்டர்.

"நம்பலைன்னா உன் வெள்ளைச் சட்டையக் கழட்டி முக்கு."

கழற்றி முக்கியே விட்டான். சட்டையில் சிவப்பு ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. கெமிஸ்ட் பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாளும் அதே கரி வேலை செய்தது, அதற்கடுத்த நாளும். கெமிஸ்ட் பெண் தண்ணீரைச் சோதித்துச் சரியென்றதும், மாஸ்டரே வாளியோடு வந்து நின்றான்.

"நீலச் சாயம் போடணும். உன் தண்ணி கொஞ்சம் கொடேன்."

"எல்லாரையும் மாதிரி அக்கான்னு கூப்பிடு, தர்றேன்" என்றாள் கரியக்கா.